அம்மா திறக்க வைத்த ஜன்னல்

அரியலூரில் அம்மாவின் இந்த முதலாண்டு நினைவு மலரை அச்சிடக் கொடுத்தபோது, அச்சகத்து அண்ணன் மாதிரிக்காகப் பழைய மலர்கள் நான்கைந்தை எடுத்துப் போட்டார். எல்லாவற்றிலும் மறைந்த தாயார் 'பொறுமையின் சிகரம்' என்றே இருந்தது. "அதையே போட்டுடலாமா?" என்று கேட்டார். உறவினர்கள் சிலரும் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா பொறுமைசாலி இல்லை. அவர் பொறுமையாக இருந்திருந்தால் அப்பா ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே போயிருப்பார். அம்மாவிடம் இருந்தது கோபம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். அச்சகத்தில் ஆயத்தமாக இருப்பதை வாங்கிப் போடுவதற்காகவா அம்மா என்னைப் படிக்க வைத்தார்?

அம்மா செந்துறைக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், ஆறு பிள்ளைகளில் நான்காவதாகப் பிறந்தார். மானாவாரி நிலம். மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் கூலி வேலை. பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அம்மா அதற்குள் போனது ஒரே ஒரு முறை, உள்ளே புகுந்துவிட்ட ஆட்டுக்குட்டியைப் பிடித்து வர. இதைச் சொல்லும்போது மற்றவர்கள் சிரிப்பார்கள். அம்மா சிரித்ததில்லை.

பத்தொன்பது வயதில் உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊருக்கு வாழ வந்தார். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் முந்திரிக்காடு. மீதி நாட்களில் முந்திரிக்கொட்டை வறுக்கும் கொட்டகையில் வேலை. அப்பா வறுப்பார், அம்மா உடைப்பார். கொட்டை ஓட்டிலிருந்து கசியும் காரப் பால் பட்டு அம்மாவின் விரல்கள் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். கொட்டகைப் புகையில் அப்பாவுக்கு ஆண்டு முழுக்க இருமல் இருக்கும். அதனால்தான் அந்த மார்கழியில் அவர் இருமியபோது நாங்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு.

மூன்றாம் நாள் குளிர்க்காய்ச்சல். வலது விலாவில் குத்து. சளியில் துருப்பிடித்த நிறம். அரியலூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நெஞ்சில் கடுமையான சளித்தொற்று, நிமோனியா என்றார்கள். ஆறாம் நாள் காய்ச்சல் இறங்கியதும், பொங்கலுக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்று அப்பா பிடிவாதம் பிடித்தார். டாக்டரம்மா அரை மனதோடு அனுப்பினார். அம்மாவிடம் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"மாத்திரைய நடுவுல நிறுத்தக் கூடாது. அடுப்புப் புகை ஆகாது. காத்து வர்ற ரூம்ல சாய்ச்சு உக்கார வைங்க. மூச்சு வேகமா வந்தாலோ, ஒதடு நீலமா ஆனாலோ, அடுத்த பஸ்ஸப் புடிச்சு வந்துடணும். என்ன?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து சமையலறைச் சுவரில் கரித்துண்டால் மாத்திரை நேரங்களையும் எழுதி வைத்தேன்.

இனி எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்கூடம், ஓர் உள்ளறை, சமையலறை, அவ்வளவுதான். முன்கூடத்தில் மார்கழிப் பனி இறங்கும் என்று அப்பாவின் கட்டிலை உள்ளறையில் போட்டோம். அந்த அறைக்கு மேற்குப் பக்கம் ஒரு ஜன்னல் உண்டு. ஆனால் அது பதினோரு ஆண்டுகளாகத் திறக்கப்படவில்லை. ஜன்னலுக்கு வெளியே இருக்கும் சந்து யாருக்குச் சொந்தம் என்று அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் சண்டை. பெரியப்பா என்றால் அப்பாவின் பெரியப்பா மகன், எங்கள் பங்காளி. 'அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்' என்று அப்பா உள்பக்கம் பலகை அடித்து மண் பூசிவிட்டார். 'நான் மட்டும் முழிக்கணுமா' என்று பெரியப்பா வெளிப்பக்கம் முந்திரி விறகை ஓட்டுக்கூரை வரை அடுக்கிவிட்டார். அந்த அறைக்குள் வருவது பக்கத்துச் சமையலறைப் புகை மட்டும்தான்.

உதவிக்கு என்று அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, வரதராஜன்பேட்டையிலிருந்து வந்தார். நல்ல மனம்தான். ஆனால் வந்ததும் செய்த முதல் வேலை, உள்ளறைக் கதவையும் சாத்திக் கதவிடுக்கில் கோணிச் சாக்கைத் திணித்தது.

"அண்ணி, டாக்டரம்மா காத்து வேணும்னாங்க" என்றார் அம்மா.

"டாக்டரம்மாவுக்கு என்ன தெரியும்? அவங்க வூட்டுலயா பனி பெய்யுது? தம்பி நெஞ்சுல சளி கட்டிக் கெடக்கு. காத்த உள்ள வுட்டா இன்னும் கட்டும்."

அம்மா சாக்கை எடுப்பார். அத்தை திணிப்பார். ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது நடக்கும். அத்தைக்கு இந்த மலரை யாராவது படித்துக் காட்டுவார்கள். அவர் என்மேல் கோபப்படலாம். நடந்தது இதுதான் அத்தை.

அடுத்தது, பார்க்க வந்தவர்கள். நோயாளியைப் போய்ப் பார்க்காவிட்டால் உறவு அறுந்துபோகும் என்பது நம் பக்கத்து வழக்கம். செந்துறையிலிருந்து, ஜெயங்கொண்டத்திலிருந்து, காலை பஸ்ஸிலும் மாலை பஸ்ஸிலும் வந்தார்கள். ரொட்டிப் பாக்கெட், ரஸ்க், ஹார்லிக்ஸ். ஏழெட்டுப் பேர் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, மூச்சு விடவே முடியாதவரிடம் "எப்படி வந்துச்சு? மொதல்லேருந்து சொல்லு" என்று கேட்பார்கள். அப்பாவும் மதித்து வந்தவர்களாயிற்றே என்று மூச்சிரைக்க மொத்தக் கதையையும் சொல்வார். அம்மா எல்லாருக்கும் டீ போடுவார். அடுப்பு எரியும். புகை உள்ளே போகும். அப்பா இருமுவார். "பாவம், எப்படி இருமுறாப்ல" என்று வந்தவர்கள் உச்சுக்கொட்டுவார்கள்.

ஒருநாள் ஈர விறகை ஊதிக்கொண்டே அம்மா என்னிடம் சொன்னார். "பாக்க வர்றவங்களுக்கு டீ போட்டுப் போட்டே இந்த மனுசன நான் கொன்னுடுவேன் போலருக்குடி."

அப்பாவும் சும்மா இருக்கவில்லை. நான்காம் நாள் அம்மா பாயை உதறியபோது அதன் அடியிலிருந்து ஆறு மாத்திரைகள் உருண்டன. வாயில் போட்டு, தண்ணீர் குடிப்பதுபோல் காட்டிவிட்டு, பிறகு துப்பி ஒளித்து வைத்திருக்கிறார்.

"காச்சல்தான் வுட்டுடுச்சே. அது சூட்டு மாத்திர. வயித்தப் பொரட்டுது."

"நெஞ்சுக்குள்ள பூந்து பாத்தீங்களா வுட்டுடுச்சுன்னு?" அம்மாவின் குரல் தெருவுக்கே கேட்டது. "வாயத் தொறங்க. ஏய், டார்ச்ச எடுத்துட்டு வா." அன்றிலிருந்து ஒவ்வொரு வேளையும் அப்பா வாயைத் திறந்து காட்ட வேண்டும், நான் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும் என்றாகிவிட்டது. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த எனக்கு அதுவும் ஒரு பாடம் என்றே நினைத்துக்கொண்டேன். ஆனால் அதற்குள் காரியம் கெட்டிருந்தது. இரண்டு நாளில் காய்ச்சல் திரும்பியது. மூச்சு, ஓடி வந்தவர் மூச்சுபோல ஆனது.

மறுபடியும் பஸ். அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். டாக்டரம்மா திட்டிக்கொண்டே ஊசி போட்டுப் படுக்கச் சொன்னார். அப்பா மாட்டேன் என்றார். கெஞ்சிப் பார்த்தார்கள். தன் பொறுப்பில் போவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். அப்பாவுக்குப் போடத் தெரிந்தது அந்தக் கையெழுத்து ஒன்றுதான். அதை அன்றைக்கா போட வேண்டும்? டாக்டரம்மா ஊசி மருந்துச் சீட்டைக் கொடுத்து, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் தினமும் போடச் சொன்னார். வீட்டில் எங்கே படுக்க வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் சொன்னேன். "ஜன்னல் இல்லாத ரூமா? பக்கத்துல அடுப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

ஊர் வந்ததும் அம்மா அப்பாவை நிறுத்தத்துக் கல்லில் என்னோடு உட்கார வைத்துவிட்டு நடந்தார். எங்கள் வீட்டுக்கு அல்ல. பதினோரு ஆண்டுகளாக நாங்கள் மிதிக்காத பெரியப்பா வீட்டு வாசலுக்கு. நிறுத்தத்துக்கு நேர் எதிரே இருக்கும் வீடு அது. அப்பா காய்ச்சல் மயக்கத்தில் என் தோளில் சாய்ந்திருந்தார்; நான் எல்லாவற்றையும் கேட்டேன்.

பெரியப்பா எழுந்து நின்றுவிட்டார். "வாம்மா. தம்பிய வந்து பாக்கணும்னுதான் இருந்தேன். கூப்புடாம எப்படி வர்றது?"

"பாக்க வர வேணாங்க மாமா. பாத்தவங்க போதும். சந்துல இருக்குற விறக எடுத்துப் போடுங்க."

"அது… அவன் ஒத்துக்குவானா?"

"அவரு எதுக்கும்தான் ஒத்துக்கல. மூச்சு வுடறதுக்கே ஒத்துக்க மாட்டேங்குறாரு. நீங்க எடுக்குறீங்களா, நான் எடுக்கவா?"

பெரியப்பா துண்டைத் தலையில் கட்டினார்.

பெரியம்மாவும் சேர்ந்துகொண்டு ஒரு மணி நேரம் விறகு தூக்கினார்கள். நாங்கள் கொண்டுபோய்க் கட்டிலில் படுக்க வைத்திருந்த அப்பாவுக்குச் சத்தம் கேட்டது. "யாருடி அங்க?" என்றார். அம்மா மறைக்கவில்லை.

"ஜன்னலத் தொறக்கப் போறேன்."

"நான் செத்தப்புறம் தொற."

"நீங்க செத்தப்புறம் எதுக்குங்க காத்து?"

அத்தை குறுக்கே வந்தார். அம்மா அவரைத் தோளைப் பிடித்து நகர்த்தி நிறுத்தினார். பெரியப்பா வீட்டுக் கடப்பாரையை வாங்கி, மண்ணைப் பெயர்த்து, பலகையை நெம்பினார். புழுதி அடங்கியபோது சதுரமாக வெளிச்சம் விழுந்தது. அதன் நடுவில், வேர்த்த முகத்தோடு பெரியப்பா நின்றார். அப்பாவும் அவரும் பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான்கு நாள் அவர் அம்மாவுடன் பேசவில்லை. "பேசாம இருக்கட்டும். அந்த மூச்சாவது மிச்சமாவும்" என்றார் அம்மா. அடுப்பைக் கொல்லைப்புறத்துக்கு மாற்றினார். பார்க்க வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, "பாத்தாச்சுல்ல, போயிட்டு வாங்க" என்று அனுப்பினார். அதில் மனம் நொந்தவர்கள் இன்றும் உண்டு. உள்ளங்கையைக் குவித்து அப்பாவின் முதுகில் தட்டித் தட்டிச் சளியை வெளியேற்றினார். தினமும் சைக்கிளின் பின்சீட்டில் உட்கார வைத்து, தள்ளிக்கொண்டே போய் ஊசி போட்டு வந்தார். மாசி பிறந்தபோது அப்பா ஜன்னலோரம் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். "உப்பு பத்தல" என்பதுதான் அவர் அம்மாவிடம் முதலில் பேசியது.

பரீட்சைக்கு முதல்நாள் அத்தை சொன்னார். "அப்பனுக்கு இப்படி இருக்கும்போது பொம்பளப் புள்ள பரீச்ச எழுதலன்னா குடி முழுவிப் போயிடுமா?" அம்மா என் பையைத் தூக்கி என் கையில் கொடுத்து, பஸ் வரும்வரை கூடவே நின்றார். நான் தேறினேன். பிறகு ஆசிரியர் பயிற்சி முடித்து, இப்போது பெரம்பலூரில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். முதல்நாள் வேலைக்குப் போன அன்று அம்மா என்னோடு பள்ளி வாசல்வரை வந்தார். உள்ளே வரச் சொன்னேன். "இன்னொரு நாளைக்கி" என்றார்.

சென்ற ஆண்டு ஆனியில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஞாயிறுதோறும் பெரியப்பா வீட்டுப் போனிலிருந்து எனக்குப் பேசுவார். அந்த ஞாயிறு அவருடைய சொற்கள் துண்டு துண்டாக வந்தன. "ஏம்மா மூச்சு வாங்குது?" என்று கேட்டேன். "போனுக்கு ஓடி வந்தேன்டி. ஒண்ணுமில்ல, சளிதான்" என்றார். நானும் நம்பினேன். பெரியப்பா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இருப்பது அந்தச் சந்து, பத்தடி. பத்தடி நடந்து யாருக்கு மூச்சு வாங்கும்? டாக்டரம்மா சொன்னதைத் தாளில் எழுதியவள் நான். வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தவள் நான்.

ஜன்னலோரக் கட்டில் அப்பாவுக்கு. அம்மா எப்போதும்போல் சமையலறையில், ஜன்னலே இல்லாத அந்த அறையில், அடுப்புக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார். அடுப்பும் எப்போதோ கொல்லையிலிருந்து உள்ளே திரும்பிவிட்டிருந்தது. நான் வெளியூர் போனபின் வீட்டில் அந்த நோயின் அடையாளம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவரை யாரும் வாயைத் திறக்கச் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் திருச்சிக்குக் கொண்டுபோனோம். அதே நிமோனியா என்றார்கள். ஏழாம் நாள் போய்விட்டார். எனக்கு ஓராண்டாக ஆறவில்லை. அம்மாமீதும் கோபம்தான். மற்றவர்களுக்காகப் போட்ட சண்டையில் கால்பங்கைத் தனக்காகப் போட்டிருக்கலாம்.

அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஊராருக்கும், வண்டி தந்தவர்களுக்கும், திருச்சியில் எங்களோடு தங்கியவர்களுக்கும், காரியத்துக்கு வந்து நின்றவர்களுக்கும், பத்து நாள் எங்களுக்குச் சமைத்துப் போட்ட அத்தைக்கும் நன்றி. பதினோரு ஆண்டுப் பகையை ஒரு மணி நேரத்தில் இறக்கிவைத்த பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் தனி நன்றி.

ஒரு வேண்டுகோளும் உண்டு. அம்மா போனதிலிருந்து அப்பா கட்டிலில் படுப்பதில்லை. சமையலறையில், அம்மாவின் பாயில் படுக்கிறார். மறுபடி இருமுகிறார். எழுந்து வாங்க என்றால் வருவதில்லை. அங்கே ஒரு ஜன்னலாவது வைக்கிறேன் என்றேன். "அவ இருந்தவரைக்கும் இல்லாத ஜன்னலு இப்ப எதுக்கு?" என்கிறார். அவரைப் பார்க்க வருகிறவர்கள் அனைவரும் சோகமாகத் தலையாட்டிவிட்டு டீ குடித்துவிட்டுப் போகிறார்கள்.

பெரியப்பா, சமையலறையின் மேற்குச் சுவரும் உங்கள் சந்துப் பக்கம்தான் இருக்கிறது. கடப்பாரையும் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. நினைவுநாள் முடிந்த மறுநாள் நான் ஊரில் இருப்பேன். அப்பா திட்டுவார், பிறகு நான்கு நாள் பேசமாட்டார். பேசாமல் இருக்கட்டும்.