தடைக்காலம் முடியாத மீன் மெஸ்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காரைக்காலை ஒட்டிய கோட்டுச்சேரிமேட்டில் என் மச்சினன் செந்தில் நடத்தும் மீன் மெஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். இலையில் வறுத்த வஞ்சிரம், பக்கத்தில் இறால் தொக்கு. என்னைத் தவிர இரண்டே பேர். அவர்களும் உள்ளூர்.

போன் அடித்தது. தஞ்சாவூர் நண்பர். குடும்பத்தோடு காரைக்கால் பீச்சுக்கு வந்திருக்கிறாராம்.

"உங்க மச்சினன் மெஸ்ல சாப்பிடலாம்னு பார்த்தோம் சார். அங்க மீனே கிடையாதாமே?"

"யாருங்க சொன்னது?"

"போன்ல ஏ.ஐ.கிட்ட கேட்டேன். தடைக்காலம், கடல் மீன் இல்லைன்னு சொல்லிச்சு. சரின்னு சாம்பார் சாதம் சாப்ட்டுட்டோம்."

இலையைப் பார்த்தேன். வஞ்சிரம் இருந்தது. நண்பரிடம் அதைச் சொல்லவில்லை. சாம்பார் சாதம் சாப்பிட்டு முடித்த மனிதரிடம் எப்படிச் சொல்வது?

தடைக்காலம் என்பது மீன் குஞ்சு பொரிக்கும் பருவம். விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. சித்திரையில் தொடங்கும், ஆனி பிறக்கும்போது முடிந்துவிடும். அன்றைக்கு ஆவணி. கடலில் படகு, கடையில் மீன், எல்லாம் சரியாகத்தான் இருந்தது... போனுக்குள் மட்டும் இன்னும் சித்திரை!

செந்திலிடம் சொன்னேன். அவன் முகம் விழுந்துவிட்டது.

காரணம் இருக்கிறது. கம்பெனி வேலையை விட்டுவிட்டு இந்த மெஸ்ஸைத் தொடங்கியவன். மனைவி கலைவாணி பள்ளிக்கூட டீச்சர். விடியற்காலையில் வெங்காயம் உரித்து, மசாலா அரைத்து வைத்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போவாள். ஞாயிறு முழுவதும் அடுப்படிதான். ஆனாலும் கூட்டம் இல்லை. தீபாவளி வரை பார்ப்பது, தேறாவிட்டால் ஷட்டரை இறக்கிவிட்டு அவன் பழைய வேலைக்கே போவது என்று அவள் சொல்லியிருந்தாள். கோபத்தில் சொல்லவில்லை. அசதியில் சொன்னாள்.

எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் இரண்டு வகை. கோயிலுக்கு வருகிறவர்கள், மற்றவர்கள். முதல் வகை சனிக்கிழமை வரும், மீனைத் திரும்பியும் பார்க்காது. இரண்டாம் வகை எதற்கு வருகிறது என்று இந்தப் பத்தியில் எழுதத் தேவையில்லை. ஆனால் அதற்கு மீன் வேண்டும். அந்த வகை, தெருவில் நிற்கிறவரிடம் வழி கேட்பதை நிறுத்திப் பல நாளாகிறது. போனைத்தான் கேட்கிறது.

சரி, போனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

அடுப்படியிலிருந்த கலைவாணியையும் கூப்பிட்டு உட்காரவைத்து, மெஸ்ஸின் வலைத்தளத்தைத் திறந்து பார்த்தோம். ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடைக்காரர் செய்துகொடுத்தது. கண்ணைப் பறித்தது. மேலே சாமி படம், இரண்டு பக்கமும் பெரியவர்கள் படம், நடுவில் செந்தில் கைகூப்பி நிற்கிறான், கீழே ஒரு மீன் சிரிக்கிறது. சாப்பாட்டு நேரம், மெனு, விலாசம் எல்லாமே அந்தப் படத்துக்குள் எழுதியிருந்தது. மொத்தத்தில், காதுகுத்து பேனர்.

ஏ.ஐ. தேடலுக்கு எப்படி எழுத வேண்டும் என்று நான் கொஞ்சம் படித்திருக்கிறேன். என் பத்திகளை யாராவது தேடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை! படத்துக்குள் இருக்கிற எழுத்து அதற்குப் பல சமயம் பிடிபடாது. எழுத்தாக டைப் செய்திருந்தால்தான் நிச்சயம்.

அந்த வலைத்தளம் முழுக்கத் தேடினோம். டைப் செய்த வரி ஒன்றே ஒன்று இருந்தது, அடியில்.

'தடைக்காலம் என்பதால் இப்போது கடல் மீன் கிடையாது.'

"இது யார் போட்டது?" என்றேன்.

"நான்தாண்ணே" என்றாள் கலைவாணி. "பேனர் கடைக்காரர் ஊர்ல இல்ல. அதான் போன்லேயே அடிச்சுப் போட்டேன்."

"எதுவரைக்கும்னு தேதி போடலியேம்மா?"

"தடைக்காலம் எப்ப முடியும்னு யாருக்குண்ணே தெரியாது?"

நியாயமான கேள்வி. கோட்டுச்சேரிமேட்டில் கைக்குழந்தைக்கும் தெரியும். இங்கே யாரும் அதற்குத் தேதி சொன்னதில்லை. போன் இந்த ஊரில் பிறக்கவில்லை, அவ்வளவுதான்.

செந்தில் சிரிக்காமல் சொன்னான்: "கடைய மூடணும் மூடணும்னு சொல்லிட்டே இருந்தே. போன் கேட்டுக்கிச்சு."

கலைவாணி எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். பாத்திரம் கழுவும் சத்தம் வந்தது. வேண்டியதற்கு மேல் வந்தது. வாசலுக்கு வருகிற ஆட்களைத் தன் ஒரு வரியே திருப்பி அனுப்பியிருக்கிறது என்று தெரிந்தால் யாருக்குத்தான் வலிக்காது? செந்திலை முறைத்தேன். அவன் தண்ணீர் ஜக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரத்தில் முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள். "எப்படிப் போடணும், சொல்லுங்கண்ணே" என்றாள். உட்கார்ந்து போனை எடுத்துக்கொண்டாள்.

சொன்னேன். வருகிறவர் கேட்கும் கேள்வியைத் தலைப்பாகப் போட வேண்டும். அதற்கு நேரான பதில் முதல் வரியிலேயே வர வேண்டும். விளக்கமெல்லாம் அதற்குப் பிறகு. மாறக்கூடிய விஷயம் என்றால் எதுவரை என்று தேதி.

"ரெண்டு மார்க் கேள்வி மாதிரி" என்றாள். டீச்சருக்குப் புரிந்துவிட்டது.

செந்திலுக்குத்தான் புரியவில்லை.

"ஞாயித்துக்கிழமை மீன் உண்டா?" என்று கேட்டேன்.

"போட்டு கரைக்கு வரணும் அத்தான். ஏலம் முடியணும். காத்து எப்படின்னு பார்க்கணும்..."

"உண்டா, இல்லையா?"

"வரச் சொல்லுங்க, பார்த்துக்கலாம்."

"கடை எங்க இருக்கு?"

"மேட்டுக்கு வந்து யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நாம் எல்லோருமே இப்படித்தான். நேராகப் பதில் சொன்னால் மரியாதைக் குறைவு என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. கேட்டவர் மனிதராக இருந்தவரை, நம் இழுவையிலிருந்து பதிலை அவரே பொறுக்கிக்கொண்டார். இப்போது கேட்பது மெஷின். அதற்கு முகதாட்சண்யம் கிடையாது. யார் நேராகச் சொல்கிறார்களோ அவர்களை நம்பிவிட்டுப் போய்விடுகிறது.

கலைவாணி அவனை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்டாள். அவன் சொன்னதில் முக்கால்வாசியை வெட்டினாள். 'நாவூறும் சுவைக்கு நாங்களே' என்ற வாசகத்துக்காக அவன் சண்டை போட்டான். "அதைச் சாப்பிட்டுப் பார்த்து அவங்க சொல்லட்டும்" என்றாள். பேனரை எடுக்க மட்டும் மனம் வரவில்லை. பெரியவர்கள் படம் இருக்கிறதே! அதைக் கீழே இறக்கிவிட்டு, எழுத்தை மேலே கொண்டுவந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அங்கே இருந்தேன். எனக்கு நாற்காலி கிடைக்கவில்லை. சந்தோஷமாக நின்றேன்.

வெளியூர்க் குடும்பம் ஒன்று வாசலில் வந்து நின்றது. கலைவாணியே எதிரே போனாள். "வாங்க, உள்ள வாங்க. மீன் இருக்குங்க."

"ஒரு நிமிஷம்மா" என்றார் குடும்பத் தலைவர். போனைக் கேட்டார். போன் படித்தது: 'உண்டு. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை கடல் மீன் சாப்பாடு.' கலைவாணி டைப் செய்த அதே வார்த்தைகள்.

"இருக்காம், வாங்க" என்று குடும்பத்தை உள்ளே கூட்டிப்போனார்.

கலைவாணி என்னைப் பார்த்தாள். பிறகு இலை போடப் போனாள்.

கூட்டம் குறைந்ததும் மெல்லக் கேட்டேன். "ஏம்மா, தீபாவளிக்கு அப்புறம்...?"

"வெப்சைட்ல போட்டிருக்கேண்ணே, பாருங்க."

பார்த்தேன். செந்திலும் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். அவனுக்கும் அப்போதுதான் தெரியும்.

'தீபாவளிக்குப் பிறகும் மெஸ் உண்டா?'

'உண்டு.'