குடிக்காதவனின் தள்ளாட்டம்

அன்று என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் பதினேழு பேர். ரோட்டில் விழுந்து கிடந்தபடியே எண்ணினேன். பதினெட்டாவது ஆள் சிரிக்கவில்லை. அவர் கையில் ஒலிபெருக்கி இருந்தது.

"தண்ணி போட்டவங்க தயவுசெஞ்சு பால்குடம் தூக்காதீங்க. ஆத்தா பாத்துக்கிட்டுத்தான் இருக்கா."

பெயர் சொல்லவில்லை. கோயில் வளைவில், பால் ஓடிக்கொண்டிருந்த தார் ரோட்டில், கவிழ்ந்த குடத்துக்குப் பக்கத்தில் நான் ஒருவன்தான் கிடந்தேன்.

அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டியின் தலைவர். அதற்கு முன் தொழிற்சங்கத்துக்குத் தலைவர். நான் அதே தோட்டத்தில் கண்டாக்கு. மலையில் வேலை வாங்கும் உத்தியோகத்தன். காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் நான் ஆட்களை மலைக்குப் பிரித்து அனுப்புவேன்; அவர் ஏதாவது ஒரு நியாயம் சொல்லித் திருப்பி அழைப்பார். இருவருக்கும் வயதாகி வேலை முடிந்துவிட்டது. நோர்வூட் போகும் ரோட்டில் இரண்டு வீடுகளும் பார்க்கும் தூரத்தில்தான் இருக்கின்றன. பழைய கணக்கு முடியவில்லை.

நான் சாராயத்தைத் தொட்டவன் இல்லை. மனைவிக்கு வயிற்றில் ஆபரேஷன் செய்த வருடம் அம்மனிடம் நேர்ந்துகொண்டேன்: இறைச்சி, மீன், கருவாடு, முட்டை நான்கையும் விடுவேன், வருடா வருடம் பால்குடம் எடுப்பேன். பதினான்கு குடங்கள் ஒரு துளி சிந்தாமல் போய்ச் சேர்ந்தன. ஊருக்கு நினைவிருப்பது பதினைந்தாவது மட்டும்.

அன்று சாயந்தரம் மனைவி அடுப்படியிலிருந்து வந்து எதிரே நின்றாள்.

"ஏங்க, வாயக் கொஞ்சம் ஊதுங்க."

"என்னது?"

"ஊதுங்கன்னா ஊதுங்க. கொழாயடியில நாலு பேரு கேக்குறாங்க. நான் மோந்து பாத்தேன்னாவது சொல்லணும்ல."

ஊதினேன். நாற்பது வருடம் என்னோடு வாழ்ந்தவள் மோந்து பார்த்தாள். இதையும் தலைவர் கணக்கில்தான் எழுதிக்கொண்டேன்.

விழுந்ததற்குக் காரணம் எனக்கே தெரியவில்லை என்பதுதான் கேவலம். சில மாதங்களாகவே பாதங்களுக்கு அடியில் பஞ்சு விரித்ததுபோல் இருந்தது. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாமல் நடந்துவிடுவேன். சட்டைப் பொத்தான் போட விரல்கள் தடுமாறின. முகத்தில் சவர்க்காரம் போட்டுக் கண்ணை மூடினால் உடம்பு ஆடும், குழாயைப் பிடித்துக்கொள்வேன். நாக்கு சிவந்து வழவழவென்று ஆகி, பருப்பில் கிடக்கும் மிளகாய்கூட எரித்தது.

சத்துக் குறைவு என்று நானே தீர்மானித்தேன். தோட்டத்து டிஸ்பென்சரியில் வாய்க்கடை வெடித்த பிள்ளைகளுக்கு மஞ்சள் பி மாத்திரை கொடுப்பார்கள். அதை வாங்கிப் போட்டுக்கொண்டேன். சிறுநீர் பளீரென்று மஞ்சளாகப் போனது. மருந்து பிடித்துவிட்டது என்று திருப்திப்பட்டேன். வீட்டுப் பின்புறம் பொன்னாங்காணி, வல்லாரை, லீக்ஸ், கோவா எல்லாம் நானே போட்டிருந்தேன். தினமும் ஒரு தட்டு நிறையக் கீரை. டீ எப்போதும் பால் விடாத பிளேன்டீதான். பால் குடித்தால் சளி பிடிக்கும் என்று சிறு வயதிலேயே விட்டுவிட்டேன்.

விழுந்த மறுவாரம் ஹட்டனுக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் சின்ன வயதுச் சிங்களப் பெண். தமிழ் கொஞ்சம் பேசுவார். கால்களைச் சேர்த்து வைத்து நிற்கச் சொன்னார். நின்றேன். கண்ணை மூடச் சொன்னார். மூடியதும் சாய்ந்து அவர் மேலேயே விழப் போனேன்.

"ஐயா, சாராயம் குடிக்கிறதா?"

"இல்ல."

"சரி," என்று எழுதிக்கொண்டார்.

அவ்வளவுதான். கேட்டார், பதிலுக்குக் காத்திருந்தார், நம்பினார். தலைவருக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட வரவில்லை.

இரத்தம் சோதித்த பிறகு சொன்னார்: எனக்கு இல்லாதது பி பன்னிரண்டு. பி என்பது ஒரு சத்து இல்லை, ஒரு குடும்பம். மஞ்சள் மாத்திரையில் இருந்த ஆட்கள் வேறு. சிறுநீரை மஞ்சளாக்கியது பி இரண்டு. வாய்ப்புண்ணுக்கு அது போதும், நரம்புக்கு அது உதவாது. பி பன்னிரண்டை எந்தச் செடியும் உண்டாக்குவதில்லை. மீன், இறைச்சி, முட்டை, பால் இவற்றில்தான் உண்டு. நான் பல வருடமாகப் போட்டுவந்த சர்க்கரை வியாதி மாத்திரை, கொஞ்சநஞ்சம் கிடைத்ததையும் உடம்பில் சேரவிடாமல் செய்திருக்கிறது.

"அப்ப நான் தின்ன கீரையெல்லாம்?"

"கீரையில ஃபோலேட் இருக்குது. அதுவும் பி தான். அது இரத்தத்த நல்லா காட்டிக்கிட்டு இருந்திச்சி. உள்ளுக்கு நரம்பு கெட்டுப் போறது வெளிய தெரியல."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வாழ்நாள் முழுவதும் செடிகளுக்குச் சத்துக் கணக்குப் பார்த்தவன் நான். தேயிலையில் முற்றிய இலையின் ஓரம் கருகினால் பொட்டாசியம் இல்லை. நரம்பு பச்சையாக நின்று நடுவில் மஞ்சள் விழுந்தால் மெக்னீசியம் இல்லை. புது இலை சிறுத்துக் குறுகி வந்தால் துத்தநாகம் தெளிக்க வேண்டும். அந்தச் செடிக்கு மூட்டை மூட்டையாக யூரியா கொட்டினாலும் பயனில்லை. ரோட்டில் நின்றபடியே மலையைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். என் நாக்கு காட்டிய குறி மட்டும் எனக்குத் தெரியவில்லை. தலையில் ஒரு குடம் பாலை வைத்துக்கொண்டு, அந்தப் பாலில் இருப்பது உடம்பில் இல்லாமல் விழுந்திருக்கிறேன்.

ஊசி போட்டார்கள். முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு மாதத்துக்கு ஒன்று. பால் குடிக்கச் சொன்னார்கள்; குடித்தேன். நேர்த்திக்கு விட்ட நான்கில் பால் இல்லை. பஞ்சு மெல்ல விலகித் தரை வந்தது. இடது காலில் இரண்டு விரல்களுக்கு மட்டும் இன்னும் உணர்வு வரவில்லை. "இன்னும் பிந்தி வந்திருந்தா நடையே திரும்பி இருக்காது, ஐயா" என்றார் டாக்டர்.

அடுத்த திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, சந்தியில் தலைவர் எனக்கு முன்னால் நடந்து போனார். அவருடைய வலது செருப்பு கழன்று ரோட்டில் கிடந்தது. அவர் திரும்பவில்லை, வெறுங்காலோடு போய்க்கொண்டே இருந்தார்.

நான் நின்றுவிட்டேன். அவரும் பல வருடத்துக்கு முன் கோயிலுக்கு மாலை போட்ட நாளிலிருந்து சுத்த சைவம். அவருக்கும் சர்க்கரை. டீக்கடையில் பிளேன்டீயைத் தவிர வேறொன்றும் குடித்து நான் பார்த்ததில்லை. அந்த ஒற்றைச் செருப்பைப் பார்த்தபோது எனக்கு வந்தது இரக்கம் என்று பொய் எழுத மாட்டேன். அது சந்தோஷம்.

யாரிடமும் சொல்லவில்லை. தினமும் வாசலில் நின்று அவர் நடையைப் பார்த்தேன். சுவரைத் தொட்டுப் படி இறங்கினார். பஸ்ஸில் ஏறப் படியைக் காலால் தேடினார். பிந்தினால் நடை திரும்பாது என்று தெரிந்தேதான் சும்மா இருந்தேன். அதே வளைவில், அதே பதினேழு பேர் முன்னால் அவர் விழ வேண்டும். எனக்கு அது போதும்.

திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு கோயில் வாசலில் கூட்டம். பால்குடத்துக்குப் பெயர் கொடுக்க எழுந்தேன்.

"கண்டாக்கையா," என்றார் தலைவர் ஒலிபெருக்கியில், "ஆத்தா தலையில ஊத்துற பாலுங்க இது. ரோட்டுக்கு ஊத்துறதுக்கு வேற ஆளு பாத்துக்குவோம்."

சிரித்தார்கள். நான் வாசலின் நடுவுக்குப் போனேன்.

"தலைவரே, ஒரு சின்ன வேல. ரெண்டு பேரும் கால சேத்து வச்சி, கண்ண மூடி நிப்போம். யாரு ஆடாம நிக்கிறாங்களோ அவங்க கொடம் தூக்கட்டும்."

"எனக்கென்னய்யா பயம்? நான் ஒங்கள மாதிரியா?"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். நான் கண்ணை மூடினேன். தரை காலடியில் இருந்தது. மூச்சை ஆறு வரை எண்ணியிருப்பேன், பக்கத்தில் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது தலைவர் திருவிழாவுக்கு வந்திருந்த தப்பு மேளக்காரர்கள் மேல் சாய்ந்து கிடந்தார்.

"தலைவரு காலையிலயே போட்டுட்டாரு டோய்!" என்று யாரோ கத்தினார்கள். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். தப்புக்காரர் ஒருவர் இரண்டு அடி அடித்தும் காட்டினார். எண்ண முடியாத அளவு சிரிப்பு. நான் அதை நன்றாகக் கேட்டேன். போன வருடத்துக்கு ஈடாகும் வரை கேட்டேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தள்ளாடுகிறவன் குடிகாரன் என்றால் போன வருடம் விழுந்த நானும் குடிகாரன்தான். என் பெயரை மீட்க ஒரே ஒரு வழி இருந்தது. அதே வழியில் அவருடைய பெயரும் மீண்டுவிடும். அவரை விட்டுவிட்டு என்னை மட்டும் துடைக்க வார்த்தை தேடினேன். இல்லை.

ஒலிபெருக்கியை எடுத்தேன்.

"அவரு குடிக்கல. இது நரம்பு வியாதி. பி பன்னெண்டு இல்லாம வாறது. போன வருஷம் எனக்கும் இதே தான்."

தலைவரைத் தூக்கி நிறுத்தினார்கள். ஒலிபெருக்கியை அவர் வாய்க்கு நேராகப் பிடித்தேன்.

"சொல்லுங்க."

"என்னத்தங்க?"

"போன வருஷம் இதுலதானே சொன்னீங்க. இதுலயே சொல்லுங்க."

நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "கண்டாக்கையா குடிக்கல," என்றார்.

"கேக்கல."

"கண்டாக்கையா போன வருஷம் குடிக்கல!"

மலைக்கு அந்தப் பக்கத்து லயத்து வீடுகள் வரைக்கும் கேட்டிருக்கும். மறுநாளே அவர் மகன் அவரை ஹட்டனுக்குக் கூட்டிப்போனான். ஊசி தொடங்கினார்கள். எந்த டாக்டர் என்று என்னிடம் கேட்டார்கள், சொன்னேன்.

திருவிழா அன்று அவர் கோயில் வளைவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நடக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்களாம். நான் பதினாறாவது குடத்தோடு அந்த இடத்துக்கு வந்ததும் நடையை மெதுவாக்கினேன். அவர் என்னை முழுதாகப் பார்க்கும் வரை மெதுவாகவே நடந்தேன். ஒரு துளி சிந்தவில்லை.

அபிஷேகம் முடிந்து மிச்சப் பாலைக் காய்ச்சி எல்லோருக்கும் கொடுத்தார்கள். இரண்டு தம்ளர் வாங்கிக்கொண்டு அவரிடம் போனேன். ஒன்றை அவர் எதிரிலேயே குடித்து முடித்தேன். மற்றதை நீட்டினேன்.

"எனக்குப் பால் ஒத்துக்காதுங்க," என்றார்.

"குடிங்க, தலைவரே. ரோட்டுல ஊத்தாம குடிங்க."

சுற்றி ஆட்கள் இருந்தார்கள். வாங்கிக்கொண்டார். தம்ளர் காலியாகும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.