பெயர் எழுதாத உபயம்

என் அண்ணனைக் கஞ்சாக் கேஸில் மாட்டிவிட்டது நீங்கள்தான். போலீஸ் பிடித்தது, கோர்ட்டு உள்ளே அனுப்பியது. அதெல்லாம் அவர்கள் வேலை. மாட்டிவிட்டது நீங்கள். சாமியார் சமாதி விழாக் குழுவின் தலைவர், பீங்கான் கம்பெனி முதலாளி, சமாதியில் மணியிலிருந்து கால் கழுவும் குழாய் வரைக்கும் பெயரைப் பொறித்து வைத்திருப்பவர்.

ஊருக்குத் தெரிந்த கதைதான். வெளியூர்க்காரர்களும் படிக்கட்டும் என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

பீங்கான் பட்டறைகளைத் தாண்டி ஆற்றுக்குப் போகும் வழியில் இருக்கிறது அந்தச் சமாதி. உள்ளே இருக்கும் சாமியார் ஒரு மாசி மகத்துக்கு ரயிலில் வந்து இறங்கியவர். திரும்பிப் போகவில்லை. சூளைக்குப் பின்னால் கதகதப்பாக இருக்கிறது என்று அங்கேயே படுத்துவிட்டார். யார் என்ன கேட்டாலும் சிலும்பி என்கிற மண் குழலில் கஞ்சாவை இழுத்துவிட்டு வானத்தைப் பார்ப்பார். கேட்டவர்கள் பதில் கிடைத்துவிட்டது என்று போய்விடுவார்கள். செத்த பிறகு மகான் ஆனார். உயிரோடு இருந்தபோது அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்காதவர்கள் சமாதிக்குக் குழு அமைத்தார்கள்.

பௌர்ணமி சாயங்காலம் பூசை. அவருக்குப் பிடித்ததைத்தானே படைக்க வேண்டும்? புது மண் சிலும்பியில் கஞ்சாவை அடைத்துப் பற்றவைத்து, சமாதியின் தலைமாட்டில் பிடிக்க வேண்டும். முதல் புகை அவருக்கு. அது தானாக அணைந்த பிறகு, மறுபடியும் நிரப்பி ஆம்பளைகள் சுற்றி உட்கார்ந்து இழுப்பார்கள். அதற்குப் பிரசாதம் என்று பெயர். கஞ்சா என்று அப்போது யாரும் சொல்லமாட்டார்கள். சிவமூலி. அந்தப் பெயரைச் சொல்லும்போதே நீங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வீர்கள்.

இதற்குக் கட்டுப்பாடு உண்டு. சிலும்பியைச் செய்தவன்தான் பற்றவைக்க வேண்டும். பற்றவைத்தவன் அது அணையும்வரை வாய் திறக்கக் கூடாது. திறந்தால் சாமியார் எழுந்து போய்விடுவார். இந்தக் கட்டுப்பாட்டை மைக்கில் வைத்து விளக்கியவர் நீங்கள்.

இன்னொன்றும் உண்டு. பூ யார் உபயம், பொங்கல் யார் உபயம் என்பதெல்லாம் திட்டக்குடி பஸ்ஸில் போகிறவனுக்கும் கேட்கும்படி மைக்கில் வரும். சிவமூலி யார் உபயம் என்று மட்டும் வராது. கேட்டால், "சாமிக்குத் தெரியும்" என்பீர்கள்.

என் அண்ணன் உங்கள் கம்பெனியில் சூளைக்குத் தீ போடுகிறவன். வூட்டில் மண் வனையும் சக்கரமும் வைத்திருந்தான். மாதாமாதம் சிலும்பி செய்வது அவன்தான். அவன் இழுக்கவே மாட்டான் என்று நான் சொல்ல வரவில்லை. இழுப்பான். நீங்களும் இழுத்தீர்கள். ரேஷன் கடைக்காரர் இழுத்தார். காவலுக்கு வந்த ஏட்டு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இழுத்தார். தொப்பியோடு இழுத்தால் அரசாங்கத்துக்கு மரியாதைக் குறைவாம்.

எண்பதுகளின் கடைசியில் டீக்கடையில் பேச்சு மாறியது. டெல்லியில் போட்ட சட்டம் ரொம்பக் கடுமை, பிடித்தால் வெளியே வர முடியாது என்றார்கள். அண்ணன் குழுக் கூட்டத்தில் எழுந்து கேட்டான்.

"மொதலாளி, இனிமே சாம்பிராணி போட்டுக்கலாங்களா?"

"சட்டம் மனுசனுக்குடா. சாமிக்கு ஏதுடா சட்டம்?" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான், மடையன்.

அந்தப் பங்குனிப் பௌர்ணமிக்குச் சிவமூலி உங்கள் உபயம். மஞ்சள் பைக்குள் வாழையிலையில் சுற்றி நீங்களே கொண்டுவந்து அண்ணன் கையில் கொடுத்தீர்கள். நான் சமாதி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். என் கோலத்தை மிதித்துக்கொண்டுதான் போனீர்கள்.

அண்ணன் பற்றவைத்துத் தலைமாட்டில் பிடித்த நேரத்தில் ஜீப் வந்தது. ஊருக்கு மாற்றலாகி வந்திருந்த புது இன்ஸ்பெக்டர்.

"என்னய்யா இது?"

அண்ணன் பேசவில்லை. சிலும்பி எரிந்துகொண்டிருந்தது.

"உன்னத்தான் கேக்குறேன். யாரு குடுத்தா?"

பேசவில்லை. அறை விழுந்தது. சிலும்பி சாயாமல் பிடித்துக்கொண்டு உங்களைப் பார்த்தான். நீங்கள் கண்ணை மூடிக் கை கூப்பி நின்றீர்கள். அன்றைக்கு உங்கள் முகத்தில் இருந்த பக்தியை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

இன்ஸ்பெக்டர் உங்களிடம் திரும்பினார். "நீங்க யாருங்க?"

"நாங்க சும்மா சாமி கும்புட வந்தோங்க சார். இவன் இந்த மாதிரி ஆளுன்னு இப்பத்தான் தெரியுது. வாயத் தொறக்குறானா பாருங்க. குத்தம் இல்லாதவன்னா பேசுவான்ல?"

வாய் திறக்கக் கூடாது என்று அவனுக்குச் சொன்ன அதே வாய் இதைச் சொன்னது.

நான் கத்தினேன். "அய்யா, குடுத்தது இவருங்க! என் கண்ணால பாத்தேன்!"

ஏட்டு என்னைத் தள்ளிவிட்டார். "கூடப் பொறந்தவ அப்படித்தான் சொல்லுவ. போம்மா அந்தாண்ட." அன்றைக்குத் தொப்பி அவர் தலையில் இருந்தது.

ஜீப்பில் ஏறிய பிறகுதான் சிலும்பி அணைந்தது. அப்புறம் அண்ணன் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். "இவ்ளோ நேரம் யோசிச்சுக் கத கட்டுனியா?" என்று இன்னும் இரண்டு விழுந்ததுதான் மிச்சம்.

கடலூர் ஜெயிலில் கிடந்தான். கேஸ் கடைசியில் நிற்கவில்லை, விட்டுவிட்டார்கள். வெளியே வந்தபோது உங்கள் சூளையில் வேறு ஆள் தீ போட்டுக்கொண்டிருந்தான். அதே கம்பெனியில் வேலை பார்த்த என்னை மட்டும் நீங்கள் நிறுத்தவில்லை. என்னையும் நிறுத்தினால் ஊர் பேசும் என்ற கணக்கு உங்களுக்கு. அண்ணன் வூட்டு அடுப்பும் எரிய வேண்டும் என்ற கணக்கு எனக்கு. அச்சில் பீங்கான் குழம்பு ஊற்றும் வேலைக்குத் தினமும் போனேன். இன்னும் போகிறேன்.

தொண்ணூறுகளில் சமாதிக்கு மண்டபம் வந்தது. சாமியார் திடீரென்று சித்த வைத்தியர் ஆகிவிட்டார். சுவரில் புதுப் படம். சிலும்பி பிடித்த கையில் துளசி. வாசலில் 'போதையை ஒழிப்போம்' என்று போர்டு, அடியில் உங்கள் பெயர். ஆனாலும் பழைய பக்தர்கள் சிலும்பி எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்ததால், கண்ணாடிப் பெட்டியில் வைக்க வெள்ளைப் பீங்கானில் ஒரு சிலும்பி செய்யச் சொன்னீர்கள். நான்தான் அச்சில் ஊற்றினேன். பளபளப்புக்காக மேலே பூசிய கிளேஸ் சூளையில் உருகி ஓட்டையை அடைத்துவிட்டது. சூப்பர்வைசர் பயந்துபோய் உங்களிடம் கொண்டுவந்தார்.

"ஓட்ட அடைச்சுக்கிச்சுங்க. வேற செஞ்சுடவா?"

"நல்லதாப் போச்சு. அப்படியே வை," என்றீர்கள்.

புகை போகாத அந்தச் சிலும்பி இருக்கும் பெட்டியைத்தான் இப்போது ஜனங்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள்.

போன மாதம் ஒரு வெள்ளைக்காரர் வந்தார். எந்தெந்த நாட்டில் எந்தச் செடியை வைத்துச் சாமி கும்பிடுகிறார்கள் என்று புத்தகம் எழுதுகிறவராம். போதை ஒழிப்புப் போர்டை அன்றைக்கு மட்டும் கழற்றி உள்ளே வைத்தீர்கள். ஸ்கூல் வாத்தியார் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, "சிவமூலி எங்க பாரம்பரியம். வெள்ளக்காரன் பேச்சக் கேட்டுத்தான் நாங்க அத வுட்டோம்" என்று அந்த வெள்ளைக்காரரிடமே சொன்னீர்கள். அவர் வருத்தப்பட்டுத் தலையாட்டி எழுதிக்கொண்டார். அவருக்கு அசல் மண் சிலும்பி செய்வதைப் பார்க்க ஆசை வந்துவிட்டது. சூப்பர்வைசரை எங்கள் வூட்டுக்கு அனுப்பினீர்கள்.

"அண்ணே, மொதலாளி கூப்புடுறாருங்க. சிலும்பி செஞ்சு காட்டணுமாம். பாரம்பரியக் கலைஞர்னு சால்வ போடுறாங்களாம்."

அண்ணன் பல் குத்திக்கொண்டிருந்தான். "செஞ்சவன்தான பத்த வெக்கணும்? பத்த வெச்சவன் பேசக் கூடாதே. ஒரு தடவ பேசாம இருந்து பாத்துட்டேன். அதுவே போதும்னு சொல்லு தம்பி."

நான் இதை எழுத வெள்ளைக்காரர் காரணமில்லை. அண்ணன் மகளுக்குத் திட்டக்குடியிலிருந்து சம்பந்தம் வந்திருக்கிறது. பெண்ணைப் பிடித்துவிட்டது. விசாரித்த இடத்தில், "அப்பன் கஞ்சாக் கேஸு" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் அப்பா நேராக என்னிடமே கேட்டார். நடந்ததைச் சொன்னேன். "நீங்க தங்கச்சி, நீங்க அப்படித்தாம்மா சொல்லுவீங்க. அந்தக் குழுத் தலைவர் வாயால ஒரு வார்த்த வந்தா எங்களுக்குப் போதும்." அந்த ஏட்டு சொன்னதையே இவர் மரியாதையாகச் சொன்னார்.

உங்களிடம் வந்தேன். நிற்க வைத்தே பேசினீர்கள். "அதெல்லாம் பழங்கதம்மா. உன் அண்ணன் நல்லவன்னு சாமிக்குத் தெரியும்."

சாமிக்குத் தெரிந்து என்ன ஆகப் போகிறது? சாமியா பெண் எடுக்கப் போகிறது? திட்டக்குடிக்காரர்களுக்குத் தெரிய வேண்டும்.

பங்குனிப் பௌர்ணமி வருகிறது. பூ யார், பொங்கல் யார், வாழைமரம் யார் என்று மைக்கில் படிப்பீர்கள். அதே மைக்கில் இதற்கும் பதில் சொல்லுங்கள்: என் அண்ணனைப் பிடித்த அன்றைக்குச் சிவமூலி யார் உபயம்? மாப்பிள்ளை வீட்டாரை நானே கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வைக்கிறேன். அவர்களுக்குக் கேட்கிற மாதிரி, உங்கள் பெயரைச் சேர்த்துச் சொல்லுங்கள்.