வாளி கவிழ்த்த துரை

பேச்சியம்மா ஒரே காலையில் இரண்டாம் தடவை கக்கூஸ் சாவியைக் கேட்டாள். மேனேஜர் அவளை வேலையை விட்டே நிறுத்திவிட்டார். கம்பம் ஊரில் நாங்கள் ஏலக்காய் தரம் பிரித்த ஸ்டோரில் நடந்தது இது. பெண்கள் முப்பது பேர். கக்கூஸ் ஒன்று, வாளி ஒன்று, சாவி மேனேஜர் இடுப்பில். பேச்சிக்குச் சர்க்கரை வியாதி. அது மேனேஜர் பேச்சைக் கேட்குமா?

"ஏத்தா, ஏழு எம்.எம். காயி, எட்டு எம்.எம். காயின்னு பிரிக்கத் தெரியுதுல்ல? ஒரு மணி நேரம் அடக்கத் தெரியாதாக்கும்?" என்றார்.

மூன்று மனு கொடுத்தோம். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. என் கையெழுத்துக்கே அரைப் பக்கம் போனது. பதில் வரவில்லை. வேலையை நிறுத்தி வாசலில் உட்கார்ந்தோம்.

சங்கத்துத் தோழர் ஒரு ஜெராக்ஸ் தாளோடு வந்தார்.

"ஆத்தா, இது விக்டோரியா ராணி காலத்துக் கேலிப்படம். அங்கன மில்லுத் தொழிலாளிக போராடுனப்ப பத்திரிகைல போட்டாக. இந்தத் துரை தொழிலாளி முதுகுலயே ஏறி உக்காந்துருக்கான் பாருங்க."

"தொந்தியப் பாத்தா நம்ம மேனேஜருக்குச் சித்தப்பனாட்டம் இருக்கு" என்றேன்.

சுவரில் வரைந்தால் போலீஸ் வரும். ஸ்டோர் வாசலில் கோலம் போடுவது என் வேலை. வேலைநிறுத்தம் என்றாலும் கோலத்துக்கு லீவு கிடையாது. மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிந்ததும் துரையைக் கோலமாவில் இழுத்தேன். அவர் தலையில் உயரமாக, கீழே விளிம்பு வைத்து ஒன்று இருந்தது. கவிழ்த்த வாளி என்று நினைத்தேன். கைப்பிடியைக் காணோம். வெள்ளைக்காரன் மறந்திருப்பான் என்று நானே ஒன்று போட்டுவிட்டேன்.

காய் வாங்க வந்த வியாபாரிகள் கோலத்தை மிதிக்காமல் நின்றார்கள். உத்தமபாளையத்து ராவுத்தர் ஒருவர் கேட்டார்:

"ஏத்தா, இவன் தலையில எதுக்கு வாளி?"

"உள்ள ஒரு வாளிதான் இருக்கு ராவுத்தரே. நாங்க எடுத்துருவோம்னு தலையிலயே வச்சிக்கிட்டுத் திரியுறாக."

பேச்சி கதையையும் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு உள்ளே பார்த்துக் கத்தினார்: "மேனேஜரே, வாளிய எறக்கி வச்சிட்டு வாங்க. காயி பாக்கணும்!"

மேனேஜர் ஓடி வந்தார். வாசலே சிரித்தது. பின்னாலேயே முதலாளி வந்தார். காய் வாங்க வந்தவர்களே சிரிப்பதைப் பார்த்தார்.

"தண்ணி ஊத்தி அழிச்சிரவா மொதலாளி?"

"வெள்ளிக்கெழம வாசக்கோலத்தையா அழிப்பே? கூறுகெட்டவனே! சாவிய ஆணியில மாட்டு. அந்தப் பேச்சியையும் வரச் சொல்லு."

மத்தியானத்துக்குள் பேச்சி வந்தாள். சாவியை எடுத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல் நேராக உள்ளே போனாள்.

தோழர்தான் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆத்தா, அது வாளி இல்ல. துரைமாரு போடுற தொப்பி!"

"நல்லவேளை, முன்னாடியே சொல்லாமப் போனீக" என்றேன்.

வேலைக்குப் போகும் பிள்ளைகளே, அழுதுகொண்டு கேட்டால் நாம்தான் எல்லாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டும். ஊரைச் சிரிக்க வைத்துவிட்டால், விளக்கம் சொல்ல முதலாளிமார் வெளியே வந்தாக வேண்டும்.