ஈரம் காயாத குளோவர்

மகளின் முயலுக்கு வைக்கோல் வாங்க கிளமெண்டியில் ஒரு கடைக்குப் போனேன். பொட்டலத்தின் காற்றுத் துளையில் மூக்கை வைத்து முகர்ந்தேன். வயதுக்கேற்ற காரியம் அல்லதான். "ஓகேவா அங்கிள்?" என்றாள் கடைப்பெண். உலர்ந்த குளோவரின் வாசம். ஓகே என்று சொல்லிவிட்டு வந்தவன், நிலையத்தில் இரண்டு ரயில்களைத் தவறவிட்டேன்.

என் முதல் வேலை, தீவின் வடமேற்கு மூலையில் ஓர் ஆட்டுப் பண்ணையில். முதலாளிக்குக் குளோவர் மீது ஆசை. குளிர்நாட்டுத் தீவனச் செடி. தின்றால் பால் கூடுமாம். நம் புழுக்கத்தில் நிற்காது என்றார்கள். நிற்கவைத்தவர் அருளப்பன் அண்ணன், திருச்சிப் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர். விதையை நுண்ணுயிர்ப் பொடியோடு ஆறிய கஞ்சியில் பிசறி நிழலில் உலர்த்துவார். பாத்திக்கு மேலே நிழல்வலை கட்டுவார். பூ வைக்கும் முன்பே, அடியில் நான்கு விரல் விட்டு அறுப்பார். நான் கடிகாரம் பார்ப்பேன். என் விவசாயம் அவ்வளவுதான்.

யார், எத்தனை மணிக்குத் தீனி போடுவது என்ற அட்டவணையும் என் கையெழுத்துதான். ஒருநாள் விடியற்காலை மழை. அறுத்த குளோவரை அண்ணன் கொட்டகையில் பரப்பிக்கொண்டிருந்தார்.

"ஏழு ஆச்சு அண்ணே."

"ஆடு என்ன கடிகாரமா கட்டியிருக்கு? ஈரத்தோட தின்னா வயிறு ஊதிரும். முதல்ல வைக்கோல் தின்னட்டும். பொறு லா."

வந்த ஆறு மாதத்தில் எங்கள் ஊர்ப் பேச்சின் 'லா' அவருக்கும் ஒட்டிவிட்டிருந்தது. அவர் பால் வாளி கழுவப் போனார். ஏழு ஐந்துக்கு நானே அள்ளிப் போட்டுவிட்டேன்.

அரைமணியில் ஓர் ஆட்டின் இடப்பக்கம் உப்பிவிட்டது. தட்டினால் மேளச் சத்தம். அருளப்பன் அண்ணன் ஓடிப்போய், ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் வாங்கிய தன் சமையல் எண்ணெயை எடுத்து வந்தார். முன்னங்காலை மேடையில் தூக்கி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டி, விலாவை நீவினார்.

"ஏப்பம் விடு தாயி, விட்டுரு."

விட்டது. இருவரும் சிரித்துவிட்டோம். அந்த வாரம் முழுக்க அவர் குழம்பில் தாளிப்பு இல்லை.

முதலாளி வந்து அட்டவணையைப் பார்த்தார். ஏழு மணிக்கு எதிரே அருளப்பன் பெயர்.

"ஈரத்தையா போட்ட?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் முதலாளி அவருடைய பெர்மிட்டைப் புதுப்பிக்கவில்லை. கிளம்பும்போது, அதுவரை என்னை ஒருமையில் அழைத்தவர் சொன்னார்: "பூ வைக்கிறதுக்குள்ள அறுத்துடுங்க தம்பி."

அறுக்கத் தெரியாமல் பூக்கவிட்டேன். அடுத்த மழையில் எல்லாம் அழுகிவிட்டது. பிறகு குத்தகை முடிந்து பண்ணையும் போனது. ஒருமுறை போய்ப் பார்த்தேன்; வேலி, வேலிக்குள் லாலான் புல். அவருடைய ஊர் முகவரியைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. எதையும் குறித்துவைக்கிற நான், அதைக் கேட்கவில்லை.

அட்டவணை மட்டும் என்னிடம் இருக்கிறது. இன்று வீடு வந்ததும் தேடி எடுத்து, ஏழு மணிக்கு எதிரே அவர் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். மை நிறம் ஒத்துவரவில்லை.