போறேன் என்றவன்

1950களில் கேரள எல்லையில், போடிமெட்டு மலையில் ஏலக்காய்த் தோட்டம் ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மலையில் இருந்த மலையாளிகள் என்னைப் பாண்டி என்றார்கள்; தமிழ்நாட்டுக்காரனுக்கு அவர்கள் வைத்த பெயர். அடிவாரத்துப் போடிக்கு இறங்கினால், பேச்சில் ஒட்டியிருந்த நாலு சொல்லைக் கேட்டு மலையாளத்தான் என்றார்கள். எங்கேயும் கால் தரிக்கவில்லை.

கதை எழுத உட்கார்ந்தால் நாயகனும் வெளியூர்க்காரனாகவே வந்தான். அவன் சந்தோஷத்தை நெருங்கும்போதெல்லாம் பஸ் ஏற்றி அனுப்பிவிடுவேன். நான் படித்த கதைகளிலெல்லாம் வெளியாளுக்கு அதுதான் கதி. படிக்கும்போது ஆத்திரப்பட்டவன், எழுதும்போது அதையேதான் செய்தேன்.

ஒரு மழைநாளில், கொட்டகையில் காய் பொறுக்கிய பெண்களுக்கு ஒரு கதையை வாசித்தேன். நாயகன் "போறேன்" என்று கிளம்பும் கடைசி வரியில், கம்பம் ஊரிலிருந்து வேலைக்கு வந்திருந்த ஒருத்தி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"போறேன்னா சொல்றான்? எழவு வீட்டுல இருந்தா கெளம்புறான்? போயிட்டு வர்றேன்னு சொல்ல வைங்கண்ணே. நாங்க மட்டும் இங்கயே பொறந்தவளுகளா?"

எரிச்சலோடுதான் அந்த வரியை அடித்து மாற்றினேன். ஒரு நொடி வேலை.

சனிக்கிழமை போடிக்கு இறங்க ஜீப்பில் ஏறினேன். கொட்டகை வாசலில் நின்று அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் வளைவு திரும்பும்வரை எனக்கு அந்தப் "போயிட்டு வர்றேன்" வரவில்லை.