தண்ணீர் லாரியின் பெரிய டயர்கள்

ஓனர் நான் ஓட்டும் தண்ணீர் லாரிக்குப் பெரிய சைஸ் டயர்களை மாட்டிய நாளிலிருந்து ஸ்டியரிங் கனத்துப் போனது. ரோட்டில் ஓடும்போது தெரியாது. அயனம்பாக்கத்தில் ஓர் அபார்ட்மென்ட் சந்துக்குள் ஒடித்து நுழைக்கும்போதுதான் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கும். ஒருநாள் ஒடிக்க முடியாமல், சுவரோரம் விளையாடும் பிள்ளைகள் மேல் ஏற்றிவிடுவேனோ என்று பயம்; படுத்தாலும் அதே நினைப்பு.

பூந்தமல்லியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். மெக்கானிக் பாய் ஸ்டியரிங் ஆயிலைப் பார்த்தார், சரியாக இருந்தது. தளர்ந்திருந்த ஸ்டியரிங் பம்ப் பெல்ட்டை இறுக்கினார். கொஞ்சம் இளகியது, அவ்வளவுதான்.

"டயரு யானைக்கால் மாதிரி கீது நைனா, பம்ப்பு இன்னா பண்ணும்? பழைய சைஸே போடு."

"ஓனர் ஒத்துக்க மாட்டாரு பாய். இதான் சேத்துல மாட்டாம வருதாம்."

"அப்போ அவரையே ஓட்டச் சொல்லு" என்று சிரித்தவர், "நின்ன எடத்துல ஒடிக்காத. வண்டி லேசா உருண்டுகினு இருக்கச்சொல்ல ஒடி" என்றார்.

உருள இடம் வேண்டுமே. மறுநாள் சந்து முனையில் வழக்கம்போல் பைக்குகள் நின்றன. இறங்கிப் போய் வாட்ச்மேனைக் கேட்டேன்.

"அண்ணாத்தே, ரெண்டு வண்டிய நவுத்திக் குடு."

"டெய்லி இப்டியேதான வந்துகினு கீற, இன்னிக்கு இன்னா புதுசா?"

"டெய்லி பயந்துகினுதான் வரேன். இன்னிக்குதான் சொல்றேன்."

முணுமுணுத்தபடி நகர்த்தினார். பிள்ளைகளையும் உள்ளே விரட்டினார். லாரி மெல்ல உருண்டது, ஸ்டியரிங் திரும்பியது. நாளைக்கும் இறங்கி இதையே கேட்க வேண்டும் என்று நினைத்தபோதே அசதியாக இருந்தது.